ஹெமில்டன் கால்வாய்க் கரையிலும் நீர்கொழும்புக் கடற்கரையிலும் முதியவர் ஒருவருடன் நடக்க ஏற்ற வழிகள் எவை?

கேள்வி: ஹட்டனிலிருந்து ஓர் ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். டிசம்பர் விடுமுறையில் அப்பாவை அழைத்துக்கொண்டு, வத்தளையில் குடியிருக்கும் தம்பியின் வீட்டில் பத்து நாட்கள் தங்கவிருக்கிறேன். அப்பாவுக்கு வயது 71. தேயிலைத் தொழிற்சாலையில் நின்றுகொண்டே வேலை செய்து ஓய்வு பெற்றவர். இரண்டு முழங்கால்களும் தேய்ந்துவிட்டன. நாள்தோறும் நடக்க வேண்டும், ஆனால் சமதரையில் மட்டுமே நடக்க வேண்டும் என்று வைத்தியர் சொல்லியிருக்கிறார். லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) வாசலிலிருந்து ரோட்டுக்கு வருவதற்கே நாற்பது படி ஏற வேண்டிய எங்கள் தோட்டத்தில், சமதரை என்று சொல்லக்கூடியவை கோவில் முற்றமும் பிள்ளைகளின் விளையாட்டு மைதானமும்தான். நுவரெலியாவுக்குப் போகும்போதெல்லாம் கிரகரி வாவியைச் சுற்றி மெதுவாக நடப்பார். அதுபோன்ற ஓர் இடம் தம்பியின் வீட்டுக்கு அருகில் கிடைத்தால் நன்றாக இருக்கும்.

ஹெமில்டன் கால்வாயின் கரையோரமாக நடக்கலாம் என்று தம்பி சொல்கிறான். அவன் காலையில் வேலைக்குப் போய் இரவில் திரும்புகிறவன். ஆதலால் அந்தக் கரையில் அவனே நடந்து பார்த்ததில்லை. ஒரே தடவையில் இரண்டு கிலோமீற்றருக்கு மேல் அப்பாவால் நடக்க முடியாது. நிழல் இருக்கிறதா, நடுவழியில் களைத்துவிட்டால் வாகனம் கிடைக்குமா, கடற்கரைக்கும் அப்படியே போய்வர முடியுமா என்பவற்றை அறிந்தவர்கள் எழுதினால் உதவியாக இருக்கும்.

முதலாவது பதில்: ஹெந்தளையில் வசிக்கும் மஸ்கெலியாக்காரர்

சகோதரிக்கு வணக்கம். பன்னிரண்டு ஆண்டுகளாக இந்தக் கால்வாய்க்கு அருகிலேயே குடியிருக்கிறேன், பெரும்பாலான நாட்களில் காலையில் அதன் கரையில்தான் நடக்கிறேன் என்பதால், கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

உங்கள் அப்பாவுக்குத் தூரம் ஒரு பொருட்டாக இராது. மலையில் ஏறி இறங்கிப் பழகிய மூச்சு இங்கே இளைக்காது. அவரைச் சாய்க்கப்போவது வெயில்தான். நுவரெலியாவின் குளிரில் நண்பகலிலும் வாவியைச் சுற்றி வந்தவருக்கு, இங்கே காலை ஒன்பது மணிக்கே தலை சுற்றத் தொடங்கிவிடும். ஆகவே எந்த வழியைத் தேர்ந்தாலும் காலை ஆறு மணிக்குப் புறப்பட்டு எட்டு மணிக்குள் வீடு திரும்பிவிடுங்கள். மாலை என்றால் நாலரை மணிக்குப் பிறகு பாருங்கள்.

நான் சொல்லும் வழி வத்தளைக்கு அருகிலுள்ள ஹெந்தளையில் தொடங்கி உஸ்வெட்டகெய்யாவ நோக்கிப் போகும் கால்வாய்க் கரை. கால்வாய் ஏறக்குறைய 14.5 கிலோமீற்றர் நீளம் என்றாலும் முழுவதையும் நடக்க வேண்டிய தேவை யாருக்கும் இல்லை. கடலுக்கும் கால்வாய்க்கும் இடையே உள்ள ஒடுங்கிய நிலத்தில் பமுனுகம வீதி கூடவே ஓடுவதால், எந்த இடத்தில் களைத்தாலும் ஒரு குறுக்கு ஒழுங்கையால் வீதிக்கு வந்து பஸ்ஸையோ முச்சக்கர வண்டியையோ பிடித்துவிடலாம். முதியவரோடு போகிறவர்களுக்கு நான் இந்தப் பகுதியைச் சொல்வதற்கு அதுவே முதற்காரணம். சில இடங்களில் கல் பதித்த நடைபாதை இருக்கிறது. மற்ற இடங்களில் சரளையும் புல்லுமாக இருக்கும். ஏற்றம் என்று சொல்ல ஒன்றுமில்லை. தென்னை நிழல் விட்டுவிட்டுத்தான் வரும், பல இடங்களில் தடுப்புக் கம்பியும் கிடையாது என்பதால், அப்பாவை நீர்ப் பக்கமாக விடாமல் உட்பக்கமாக நடக்க விடுங்கள். பாதையின் குறுக்கே கபரகொய்யா (நீர் உடும்பு) ஒன்று அசையாமல் கிடந்தால் அஞ்ச வேண்டாம். அது எழுந்து போகும்வரை நின்றால் போதும். எங்கள் வீட்டுக்கு வந்த என் மாமா அதை முதலை என்று எண்ணி அரைக் கிலோமீற்றர் திரும்பி நடந்தார். முத்துராஜவெல சதுப்பில் முதலையும் உண்டு என்பது வேறு விஷயம்.

கடற்கரையைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பார்வைக்குச் சமமாகத் தெரிந்தாலும் மணற்கரை சமதரை அன்று. காய்ந்த மணலில் கால் புதையும். ஈரமணல் கெட்டியாக இருந்தாலும் கடலை நோக்கிச் சரிந்திருக்கும். அந்தச் சரிவில் ஒரே திசையாக நடந்தால் ஒரு கால் தாழவும் மற்றது உயரவும் நேர்வதால், முழங்கால் தேய்ந்தவர்களுக்கு அன்று இரவு வலி நிச்சயம். ஆகவே நடையைக் கால்வாய்க் கரையில் முடித்துக்கொண்டு, உஸ்வெட்டகெய்யாவ பக்கத்தில் சில நூறு மீற்றர் மேற்கே நடந்து கடலுக்குப் போய், கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். இந்தப் பகுதிக் கடலில் இறங்கிக் குளிப்பதை நான் யாருக்கும் சொல்வதில்லை.

இன்னொன்றையும் அப்பாவிடம் சொல்லுங்கள். கால்வாயின் தென்முனை களனி கங்கையின் முகத்துவாரத்துக்கு அருகில் இருக்கிறது. காசல்ரீ நீர்த்தேக்கத்தைத் தாண்டி வரும் கெஹெல்கமு ஓயாவும், மவுசாகலையைத் தாண்டி வரும் மஸ்கெலியா ஓயாவும் சேர்ந்துதான் களனி கங்கை ஆகிறது. நம் தோட்டத்து மழைநீர் கடலுக்குள் போகும் இடத்தைக் காட்டினால் அவர் கட்டாயம் மகிழ்வார். என் அப்பா அங்கே வெகுநேரம் நின்றார்.

இரண்டாவது பதில்: தலவாக்கலையிலிருந்து ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர்

மேலே எழுதிய நண்பர் நடைவழியைச் சரியாகவே சொல்லியிருக்கிறார். இந்தக் கால்வாயை ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) கால்வாய் என்று பலரும் அழைப்பதால், வழி கேட்கும்போது குழப்பம் நேரக்கூடும் என்பதற்காக நான் சில வரிகள் சேர்க்கிறேன்.

கோட்டை இராச்சியத்தை ஆண்ட எட்டாம் வீரபராக்கிரமபாகு 15ஆம் நூற்றாண்டின் இறுதியில், பாக்கு, மிளகு, கறுவா போன்ற விளைபொருட்களை உள்ளூர்களிலிருந்து நீர்கொழும்புக் களப்புக்குப் படகில் கொண்டுவர வாய்க்கால்களை வெட்டுவித்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. பின்னர் ஒல்லாந்தர் கொழும்பிலிருந்து நீர்கொழும்பு வழியாகப் புத்தளம் வரைக்கும் நீர்வழியை இணைத்தார்கள். அவர்களுக்குக் கறுவாவே உயிர். ஹெமில்டன் கால்வாய் அதற்குப் பிந்தியது. ஆங்கிலேயர் 1802இல் வெட்டத் தொடங்கி 1804இல் முடித்தார்கள். வருவாய்த்துறை அதிகாரியாக இருந்த கெவின் ஹெமில்டனின் பெயரை அதற்கு வைத்தார்கள். சரக்கேற்றுவதைக் காட்டிலும், முத்துராஜவெல வயல்களைக் கெடுத்த உப்புநீரை வடியச் செய்வதே அதன் முதல் நோக்கம். ஆனால் வயல்கள் மீளவில்லை, சதுப்பே நிலைத்தது. நடக்கும்போது ஒரு பக்கத்தில் நாம் பார்க்கும் கோரையும் கொக்கும் அந்தத் தோல்வி விட்டுச்சென்றவைதான். எனக்கு அதில் வருத்தம் இல்லை.

பழைய ஒல்லாந்தர் கால்வாயைப் பார்க்க விரும்பினால் ஒருநாள் நீர்கொழும்புக்குப் போங்கள். கொழும்பிலிருந்து வத்தளை வழியாக வரும் 240ஆம் இலக்க பஸ் போதும். களப்பிலிருந்து வடக்கே, நகரின் நடுவாகவே கால்வாய் ஓடிக் கொச்சிக்கடைப் பக்கம் மகா ஓயாவை அடைகிறது. நகருக்குள் படகுகள் கட்டிக் கிடக்கும் கரையோரத்தில் ஒரு கிலோமீற்றர் நடந்தாலே அதன் பழைய தோற்றம் புலப்படும். களப்பின் வாய்க்கு அருகில் ஒல்லாந்தர் கோட்டையின் வாயில் நிற்கிறது; அதன் மேல் 1678 என்ற ஆண்டு பொறிக்கப்பட்டிருக்கிறது. உள்ளே சிறைச்சாலை என்பதால் வெளியே நின்று பார்ப்பதோடு சரி. அங்கிருந்து சிறிது தூரத்தில் மீன் சந்தையும், மணலில் பாய் விரித்து மீன் காயவைக்கும் இடமும் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமையில் போகாதீர்கள். அங்குள்ள மீனவர்கள் பெரும்பாலும் கத்தோலிக்கர்கள். அன்று கடலுக்குப் போகமாட்டார்கள், சந்தையும் வெறிச்சோடிக் கிடக்கும்.

ஹெந்தளையில் 1708இல் ஒல்லாந்தர் நிறுவிய தொழுநோய் வைத்தியசாலை இருக்கிறது. நடைக்கு அதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை. என்றாலும் அந்த வழியாகப் போகும்போது, முந்நூறு ஆண்டைக் கடந்த ஒரு வைத்தியசாலை இது என்று அறிந்திருப்பது நல்லது.

மூன்றாவது பதில்: பண்டாரவளையிலிருந்து ஒரு தாய்

அக்கா, முதலாவது பதிலில் வெயிலைப் பற்றிச் சொன்னதை நீங்கள் எளிதாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காகவே எழுதுகிறேன். சென்ற ஆண்டு என் அம்மாவை அழைத்துக்கொண்டு போனபோது, காலைச் சாப்பாட்டை முடித்து, தலை வாரி, பிள்ளைகளைப் புறப்படச் செய்து, நாங்கள் கரைக்கு வந்து சேர்ந்தபோது மணி பத்தரை ஆகியிருந்தது. அம்மா வழக்கப்படி கம்பளிச் சட்டையோடு வந்திருந்தார். கழற்றச் சொன்னால் சளி பிடிக்கும் என்றார். முக்கால் கிலோமீற்றர் நடப்பதற்குள் வியர்த்துக் கொட்டிக் கண் இருட்டி, ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். அந்த வீட்டு அம்மா சிங்களத்தில் ஏதோ கடிந்துகொண்டே செவ்விளநீர் வெட்டிக் கொடுத்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். கம்பளிச் சட்டையை ஊரிலேயே விட்டுவிட்டு வாருங்கள் என்பதுதான் நான் சொல்ல வந்தது.

மழையையும் கவனிக்க வேண்டும். முந்திய இரவில் பெய்திருந்தால் கல் பதிக்காத கரை வழுக்கும். நம் ஊர் வழுக்கல் வேறு, இந்தக் களிமண்ணின் வழுக்கல் வேறு. அப்படிப்பட்ட நாளில் கரையை விட்டுவிட்டு வீதியோரமாகவே போங்கள். கரையோரத்தில் கழிப்பறை வசதியை எதிர்பார்க்க முடியாது. முதியவர்களுக்கு இது சிறிய விஷயம் அன்று. வீட்டிலிருந்து புறப்படும்போதே பார்த்துக்கொள்ள வேண்டும்.

உங்கள் அப்பா நடக்க முடியாத ஒரு நாளில், பமுனுகமவுக்கு அருகே போபிட்டியவில் உள்ள முத்துராஜவெல பார்வையாளர் நிலையத்துக்குப் போய்ப் படகில் ஏறுங்கள். கால்வாய் வழியாகவே களப்பை நோக்கிக் கொண்டுபோவார்கள். மீன்கொத்தி, நீர்க்காகம், செந்நாரை எல்லாம் இரண்டு கை தூரத்தில் உட்கார்ந்திருக்கும். காலையில் முதலாவதாகப் புறப்படும் படகே நல்லது. அன்று எங்களுக்கு மிகப் பிடித்தது இந்தப் படகுதான். என் அம்மாவும் நடந்ததை மறந்து இதைத்தான் இன்றுவரை எல்லோரிடமும் சொல்கிறார்.

கேள்வி கேட்டவரின் மறுமொழி

மூவருக்கும் மிக்க நன்றி. கம்பளிச் சட்டை விஷயத்தில் என் அப்பாவும் அதே வழக்கமுடையவர். அதைப் பெட்டியில் வைக்காமல் இருப்பதே ஒரு போராட்டமாக இருக்கும். காலை ஆறு மணிக்கு எழுப்புவது கடினமில்லை. அரை நூற்றாண்டாகத் தோட்டத்தில் வேலைக்கு எழுப்பத் தப்பு (பறை) அடிக்கும் நேரத்துக்கு விழித்துப் பழகியவர், இன்றும் நாலரைக்கே எழுந்து பிளேன்டீக்குக் காத்திருப்பார்.

முதல் இரண்டு நாட்கள் ஹெந்தளைக் கரையில் ஒரு கிலோமீற்றர் மட்டும் நடந்துபார்த்து, கால் ஒத்துழைத்தால் உஸ்வெட்டகெய்யாவ நோக்கி இன்னும் சிறிது தூரம் போகலாம் என்று நினைக்கிறேன். நீர்கொழும்பை ஒரு வாரநாளுக்கு வைத்துக்கொள்கிறேன். ஒன்றை மட்டும் கேட்க வேண்டும்: ஹட்டனிலிருந்து ரயிலில் வந்தால் கொழும்புக் கோட்டை வரைக்கும் போய்த்தான் திரும்ப வேண்டுமா? நிலையத்து மேம்பாலப் படிகளை நினைத்தால் எனக்கே கால் வலிக்கிறது.

ஹெந்தளை நண்பரின் பதில்

தேவையில்லை. கோட்டைக்கு முன்பே ராகமை வருகிறது; புத்தளம் பாதை பிரிகிற சந்தி அதுதான். நீங்கள் ஏறும் வண்டி ராகமையில் நிற்குமா என்பதை ஹட்டன் நிலையத்திலேயே கேட்டு உறுதி செய்துகொண்டு அங்கே இறங்குங்கள். அங்கிருந்து வத்தளைக்கு முச்சக்கர வண்டியில் வந்துவிடலாம். ராகமையிலும் மேடை மாற வேண்டியிருந்தால் படி ஏற வேண்டித்தான் வரும். ஆனால் கோட்டையில் இருக்கும் கூட்டமும் இடிபாடும் அங்கே இராது, அப்பாவை ஒவ்வொரு படியாக மெதுவாக ஏற்றலாம். தம்பியை நிலையத்துக்கு வரச் சொல்லுங்கள். பெட்டியை அவர் தூக்கட்டும்.

களனி முகத்துவாரத்தைப் பார்ப்பதற்கு மாலை நேரமே நல்லது. புறப்படும் முன் எழுதினால் எந்த ஒழுங்கையால் போக வேண்டும் என்று சொல்கிறேன். அன்று எனக்கு வேலை இல்லாவிட்டால் நானும் வருகிறேன். மஸ்கெலியாப் பக்கத்து மழையைப் பற்றி அப்பாவிடம் கேட்க வேண்டியவை நிறைய இருக்கின்றன.