கையால் வளர்க்காத போகிமானைப் போட்டியில் அனுமதிக்கலாமா?

முட்டைக்கூடை எழுதியது:

வெளி மென்பொருளால் ஆக்கிய போகிமானும் கையால் வளர்த்த போகிமானும் எண்ணளவில் ஒன்றாகவே இருக்கும்போது, அதிகாரப்பூர்வப் போட்டிகளில் முன்னதை மட்டும் தடுப்பது ஏன் என்று சென்ற வாரம் இங்கே நண்பர் ஐந்துசுற்று கேட்டிருந்தார். தடை சரியே என்பது என் கருத்து. வளர்ப்பு என்பது தாங்க முடியாத சுமையாக இருந்த காலம் போய்விட்டது. 2013-இல் எக்ஸ், ஒய் விளையாட்டுகள் வரும்வரை பெற்றோரிடமிருந்து மூன்று ஐவிகள் (ஆறு குணங்களுக்கும் பிறவியிலேயே அமையும் 0 முதல் 31 வரையிலான எண்கள்) மட்டுமே குட்டிக்கு இறங்கும். மீதி மூன்றுக்கும் முட்டை முட்டையாகப் பொரித்துக் காத்திருப்போம். டெஸ்டினி நாட் என்ற பொருள் ஐந்து ஐவிகளை இறக்கத் தொடங்கியபோதே பாதிப் பாரம் குறைந்தது. 2016-இல் ஐவியை 31-க்குச் சமமாக்கும் ஹைப்பர் ட்ரெய்னிங்கும், 2019-இல் நேச்சரின் (ஒரு குணத்தைக் கூட்டி மற்றொன்றைக் குறைக்கும் இயல்பின்) விளைவை மாற்றும் மின்ட்டும் வந்தன. 2022-இன் ஸ்கார்லெட், வயலட்டில் ஹைப்பர் ட்ரெய்னிங்குக்கு லெவல் 100 வேண்டாம், 50 போதும் என்றும் ஆகிவிட்டது. ஒரு மாலைப்பொழுதில் முடிகிற வேலைக்கு எதற்குக் கள்ளப் பிரதி?

ஐந்துசுற்று எழுதியது:

நீங்கள் அடுக்கிய மாற்றங்கள் ஒவ்வொன்றும் என் கட்சிக்கே சாட்சி சொல்கின்றன. முட்டை பொரிப்பது திறமையின் பகுதியாக இருந்திருந்தால், விளையாட்டை ஆக்கியவர்களே அதைப் படிப்படியாகக் கழித்திருக்க மாட்டார்கள். போட்டியில் அளக்கப்படுவது ஆறு போகிமானில் எந்த நான்கை இறக்குவது, எந்தச் சுற்றில் எதைக் காப்பது என்ற முடிவுகள்தான்.

‘ஒரு மாலைப்பொழுது’ என்ற கணக்கையும் நான் ஏற்கவில்லை. ஒரு குணத்தில் ஈவியை (பயிற்சியால் சேரும் புள்ளியை) உச்சமான 252-க்குக் கொண்டுவர வைட்டமின் 26 வேண்டும். ஒன்று விளையாட்டுப் பணத்தில் 10,000 விலை. இரண்டு குணங்களுக்கு 5,20,000. ஆறு போகிமானுக்கும் இதைப் பெருக்கிப் பாருங்கள். காட்டுப் போகிமானை வீழ்த்தி ஈவி சேர்க்கலாம், உண்மைதான். ஆனால் அப்போது பணத்துக்குப் பதில் நேரத்தைக் கொடுக்கிறோம். அதற்கும் மேலே, 2023 ஆகஸ்டில் யோகோஹாமாவில் நடந்த உலகப் போட்டியை நினைத்துப் பாருங்கள். சோதனையில் சிக்கிச் சிலர் தகுதிநீக்கம் செய்யப்பட்டார்கள். அந்தப் பருவத்தில் எங்கு பார்த்தாலும் நின்ற உர்ஷிஃபு என்ற போகிமானை அப்போது ஸ்கார்லெட்டிலோ வயலட்டிலோ பிடிக்கவே முடியாது. முந்தைய ஸ்வோர்டு அல்லது ஷீல்டையும், 2020-இல் வந்த அதன் கூடுதல் பகுதியையும் விலைகொடுத்து வாங்கி, ஒரு சேமிப்புக்கு ஒன்றே கிடைக்கும் அதன் முன்னுருவான கப்ஃபுவை வளர்த்து, விளையாட்டுகளுக்கிடையே போகிமானை மாற்றும் ஹோம் செயலி வழியே கொண்டுவர வேண்டும். இது உழைப்பா, நுழைவுக் கட்டணமா?

சுறாப்பல் எழுதியது:

இருவரும் வளர்ப்பைக் கூலி வேலையாகவே பேசுகிறீர்கள். எனக்கு அதில் இன்பம் இருப்பது ஈவியைப் பங்கிடும் இடத்தில். ஒரு போகிமானுக்கு மொத்தம் 510; 252, 252, 4 என்று வைத்தால் 508, மிச்சம் இரண்டு எதற்கும் உதவாது. பலரும் அதோடு நிறுத்திவிடுவார்கள். என் கார்ச்சோம்ப் என்ற போகிமான் வேகத்தைக் கூட்டும் ஜாலி நேச்சர் கொண்டது. வேகத்தில் 252 வைத்தால் லெவல் 50-இல் 169 வரும். அடிப்படை வேகம் 100 உள்ளவை எவ்வளவு முயன்றாலும் 167-ஐத் தாண்டா. ஆகவே 168 போதும் என்று கண்டு, தமாட்டோ பெர்ரி ஒன்றைத் தின்னக் கொடுத்து 242-க்கு இறக்கி, வேகச் சிறகு இரண்டைக் கொடுத்து 244-இல் நிறுத்தினேன். மிஞ்சிய 8 ஈவி உயிர்ப்புள்ளிக்குப் போய், 184 என்பது 185 ஆனது. மென்பொருளில் எண்ணைத் தட்டுகிறவருக்கு இந்த அருமை தெரியுமா?

ஐந்துசுற்று எழுதியது:

நண்பர் சுறாப்பல், கணக்கு அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் லாண்டோரஸ் என்ற போகிமானை மறந்துவிட்டீர்கள். மனித உருவில் அதன் அடிப்படை வேகம் 101. வேகத்தைக் கூட்டும் டிமிட் நேச்சரோடு முழு ஈவியும் வைத்தால் சரியாக 168. உங்கள் கார்ச்சோம்ப் 169-இல் இருந்தபோது உறுதியாக முந்தியிருக்கும். இப்போது யார் முதலில் அடிப்பது என்பது நாணயம் சுண்டிப் பார்க்கும் கதையாகிவிட்டது. எதிரில் முழு வேகத்தோடு இன்னொரு கார்ச்சோம்ப் நின்றால் அதுவும் இல்லை, உறுதியாகத் தோற்கிறீர்கள். ஓர் உயிர்ப்புள்ளிக்கு இது அதிக விலை.

நான் சொல்ல வந்ததும் இதுவேதான். இந்தப் பிழையைக் கண்டுபிடிக்க உங்களுக்குப் பெர்ரியும் சிறகும் தேவைப்படவில்லை. ஷோடவுன் போன்ற ஒப்புருக் களத்தில், எதையும் வளர்க்காமல் எண்களை மட்டும் இட்டு நான்கு ஆட்டம் ஆடியிருந்தால் தெரிந்திருக்கும். சிந்தனை அங்கே நடக்கிறது. சிறகு பொறுக்குவது அதற்குப் பின்வரும் எழுத்தர் வேலை.

சுறாப்பல் எழுதியது:

லாண்டோரஸை நான் எண்ணவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். சென்ற மாதம் ஓர் ஆட்டத்தில் முதல் அடி எனக்கு வராமல் போனதை வெறும் துரதிர்ஷ்டம் என்று நினைத்திருந்தேன். இன்றிரவே 252-க்குத் திரும்புகிறேன்.

முட்டைக்கூடை எழுதியது:

ஒப்புருக் களம் பயிற்சிக்கு நல்லது. அதை நானும் நாள்தோறும் பயன்படுத்துகிறேன். ஆனால் ‘அனுமதித்துவிடலாம்’ என்பதன் நடைமுறைப் பொருள் என்ன என்று யோசியுங்கள். இந்தப் போட்டிகளில் ஜூனியர், சீனியர், மாஸ்டர்ஸ் என்று வயதுப் பிரிவுகள் இருக்கின்றன. மென்பொருளால் ஆக்கிய போகிமான் செல்லும் என்று அறிவித்த மறுநாளே, பத்து வயதுச் சிறுவனும் தன் கன்சோலைத் திறந்து மாற்றியமைக்க வேண்டும், அல்லது எங்கோ முகம் தெரியாத ஒருவரிடம் பரிமாற்றத்தில் வாங்க வேண்டும் என்ற நெருக்கடி வரும். நுழைவுக் கட்டணம் ஒழியாது, வேறு கடைக்கு இடம் மாறும், அவ்வளவுதான்.

உர்ஷிஃபு பற்றி நீங்கள் சொன்னது எனக்கும் உறுத்துகிறது, அதை மறைக்க மாட்டேன். புதிய விளையாட்டின் போட்டிக்குப் பழைய விளையாட்டை வாங்கச் சொல்வது நியாயமில்லை. ஆனால் அதற்கு மருந்து விதியைத் தளர்த்துவதில் இல்லை. தரவரிசை ஆட்டங்களில் ஒருவர் தன் அணியைக் குறியீட்டு எண்ணோடு இரவல் கொடுக்க, வேறொருவர் அதை எடுத்து ஆடுகிறார். அதைப்போல, அந்தப் பருவத்தில் அனுமதிக்கப்பட்ட எல்லாப் போகிமானையும் விளையாட்டை ஆக்கியவர்களே இரவலாக வழங்கட்டும் என்று கேட்போம்.

ஐந்துசுற்று எழுதியது:

சிறுவர்களைப் பற்றிய வாதத்துக்கு என்னிடம் நல்ல பதில் இல்லை. ஆகவே என் கோரிக்கையைச் சுருக்கிக்கொள்கிறேன். தடை இருக்கட்டும், ஆனால் ஹைப்பர் ட்ரெய்னிங் ஐவியை 31-க்கு ஏற்றுவதுபோல், பூச்சியத்துக்கு இறக்கவும் ஒரு வழி விளையாட்டுக்குள்ளேயே வேண்டும். டிரிக் ரூம் என்ற நகர்வை நம்பும் அணியை ஆடுகிறவர்களுக்கு இந்த வலி தெரியும். அது நீடிக்கும் ஐந்து சுற்றுகளில் மெதுவானதே முதலில் அடிக்கும். வேகத்தைக் குறைக்கும் பிரேவ் நேச்சர் கொண்ட அயர்ன் ஹாண்ட்ஸ் என்ற போகிமான், வேக ஐவி பூச்சியமானால் 49-இல் நிற்கும். 31 ஆனால் 63. எதிரியின் அயர்ன் ஹாண்ட்ஸ் 49-இல் இருந்தால், அது என்னுடையதற்கு முன்னால் கையை ஓங்கிவிடுகிறது. முட்டையிலும் வராத இனம்; காட்டில் பிடிப்பதைத் தவிர வழியில்லை, அதிலும் வேக ஐவி பூச்சியமாக வர 32-இல் ஒரு வாய்ப்பு. நேச்சருக்கு மின்ட் உண்டு, தாக்குதல் ஐவியை ஏற்றப் பாட்டில் கேப் உண்டு. ஸ்கார்லெட், வயலட்டில் இதற்கு மட்டும் ஒன்றுமில்லை.

முட்டைக்கூடை எழுதியது:

இதை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். நீங்கள் இதுவரை எத்தனை பிடித்தீர்கள் என்று கேட்கலாமா?

ஐந்துசுற்று எழுதியது:

41. ஒவ்வொன்றையும் பிடித்த பிறகே பெட்டியில் வைத்து ஐவியைப் பார்க்க முடிகிறது என்பதால், பந்துகளுக்கே தனியாகப் பணம் சேர்க்க வேண்டியிருக்கிறது. 41 முறையும் தவறுவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 27 விழுக்காடு என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். அதனால் குறை சொல்லவும் வாய் வரவில்லை. மென்பொருளை மட்டும் இன்னும் தொடவில்லை.

சுறாப்பல் எழுதியது:

அயர்ன் ஹாண்ட்ஸைப் பிடிக்க முடிவது வயலட்டில்தான், நான் ஆடுவதும் அதுவே. கார்ச்சோம்பைச் சரிசெய்துவிட்டு நானும் அது வாழும் ஏரியா ஜீரோவில் இறங்கிப் பிடித்துப் பார்க்கிறேன். பூச்சியம் வந்தால் பரிமாறிக்கொள்வோம்.