13 போதும் என்று யார் சொன்னது?

வேப்பமரம்:
நேற்று இந்த மன்றத்தில் பொம்மை பற்றிய விவாத இழையில் திருவாளர் கணக்குப்பிள்ளை, "13 வயது தாண்டிய பிள்ளையின் விவரத்தை இணையக் கடைத் தளங்கள் தாராளமாக எடுக்கலாம், சட்டமே அதுதான்" என்று எழுதியிருந்தார். படித்ததும் டீ புரையேறிவிட்டது. எந்த ஊர்ச் சட்டம் சார்? 2023இல் நம் நாடாளுமன்றம் போட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 18 முடியாத எல்லோரும் குழந்தைதான். 9ஆம் பிரிவைப் பாருங்கள். பெற்றோர் சம்மதம் வேண்டும், அதையும் சரிபார்க்க முடிய வேண்டும். பிள்ளை எதைப் பார்க்கிறது என்று பின்தொடரக் கூடாது, குறிவைத்து விளம்பரம் காட்டவும் கூடாது. மீறினால் அபராதம் 200 கோடி ரூபாய் வரை போகும்.

கணக்குப்பிள்ளை:
அமெரிக்காவில் குழந்தைகளின் இணையத் தனியுரிமைக்கான கோப்பா சட்டம் 1998இலேயே வந்துவிட்டது. அதில் 13தான். உங்கள் சட்டத்துக்கு விதிகளே 2025 நவம்பரில்தான் வந்தன, அதிலும் 18 மாத அவகாசம். பெண் பார்க்கவே போகவில்லை, பேரனுக்குப் பெயர் வைக்கிறீர்கள் மேடம்.

வேப்பமரம்:
மேடம் இல்லை, மீசை இருக்கிறது. 18.

மேலமாசி வீதி:
என் மகளுக்கு 11 வயது. என் கணக்கில் ஒரு நாள் சைக்கிள் தேடினாள். இரண்டு வாரம் அலுவலகக் கணினி வரை அந்த ரோஸ் கலர் சைக்கிள் என்னைத் துரத்தியது. கணக்கில் இருப்பது என் வயது, 42. தேடியது குழந்தை என்று தளத்துக்கு எப்படித் தெரியும்?

வேப்பமரம்:
அது வேறு விஷயம். இங்கே கேள்வி 13ஆ, 18ஆ.

கணக்குப்பிள்ளை:
வேறு விஷயமா? போனைக் கொடுத்தது அப்பா. பிள்ளையைத் தனியாகக் கடைக்குள் விட்டுவிட்டு அண்ணாச்சியைக் குறை சொல்வதா?

வேப்பமரம்:
பிள்ளை எந்த மிட்டாயை எத்தனை நேரம் பார்த்தது என்று அண்ணாச்சி நோட்டுப் போட்டு எழுதி வைப்பதில்லை. உங்கள் அமெரிக்காவிலேயே, குழந்தைகளின் குரல் பதிவை அழிக்காமல் வைத்திருந்தார்கள் என்ற அலெக்ஸா குரல் உதவியாளர் வழக்கில் அமேசான் 2023இல் 2.5 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. சேர்த்து வைப்பவன் பொறுப்பில்லை, போன் கொடுத்தவன் பொறுப்பா?

கணக்குப்பிள்ளை:
அந்த வழக்கும் 13க்குக் கீழ் உள்ள பிள்ளைகளைப் பற்றியதுதான். என் பக்கம் சாட்சி சொன்னதற்கு நன்றி. 17 வயதுப் பையன் செருப்பு வாங்க அப்பாவின் கையெழுத்தா?

வேப்பமரம்:
ஆமாம். 18 என்றால் 18.

பழைய மாணவன்:
இந்தக் கணக்குப்பிள்ளைதானே போன வருஷம் 750 வாட்டுக்குக் கீழே மிக்ஸியில் மாவு அரையாது என்று மூன்று நாள் சண்டை போட்டவர்?

கணக்குப்பிள்ளை:
அரையாது. இன்றும் சொல்கிறேன்.

மேலமாசி வீதி:
என் சைக்கிள் கேள்விக்கு யாராவது...

வேப்பமரம்:
எங்கள் வீட்டில் 500 வாட்தான். நன்றாக அரைகிறது.

கணக்குப்பிள்ளை:
சட்னி அரைந்திருக்கும்.