‘ஈகோ ஸ்கூல்ஸ்’ தணிக்கையைப் பாடவேளைக்குள் நடத்துவது எப்படி?

கோத்தகிரி அருகே ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியராக இருக்கிறேன். 1994-இல் ஐரோப்பாவில் தொடங்கிய, பள்ளிகளுக்கான ‘ஈகோ ஸ்கூல்ஸ்’ (Eco-Schools) என்ற சுற்றுச்சூழல் திட்டத்தின் ஏழு படிகளை ஜூன் முதல் ஏழாம் வகுப்பில் முயன்று, இரண்டாம் படியான தணிக்கையிலேயே, அதாவது பள்ளியின் சுற்றுச்சூழல் நிலையைப் பிள்ளைகளே ஆராய்ந்து பதிவதிலேயே, நின்றுவிட்டோம்.

எங்களுக்குக் கிடைத்த படிவம் மின்சாரத்தையும் குப்பையையும் கேட்கிறது. கூரைநீர் முற்றத்து மண்ணை அரித்துக் கீழேயுள்ள தேயிலைச் சரிவுக்குக் கொண்டுபோவதைப் பதிய அதில் இடமில்லை. அதனால் படிவத்தைத் தமிழில் நானே மாற்றி எழுதினேன். பிள்ளைகள் கலங்கல் நீரைக் கண்ணாடிக் குடுவையில் தெளியவிட்டு அளந்தபோது, அடியில் இரண்டு விரற்கடை வண்டல் நின்றது. அன்று அவர்கள் கேட்ட கேள்விகளுக்காகவே இதைக் கைவிட மனம் வரவில்லை.

பள்ளியின் சுற்றுச்சூழல் மன்றமான தேசியப் பசுமைப் படைக்கான நேரத்தைப் பயன்படுத்தினேன். காலாண்டுத் தேர்வு நெருங்கியதும் அதுவும் போயிற்று. பிள்ளைகளை மாலையில் நிறுத்திவைத்தால் ஹட்டிகளுக்கு (படுகர் ஊர்களுக்கு) செல்லும் பேருந்து தவறிவிடும், வழியில் காட்டெருமை நடமாட்டமும் உண்டு.

தனிப் பாடவேளை இல்லாமல், சமச்சீர்க் கல்வியின் எந்தப் பாடங்களோடு இணைத்து இத்தகைய தணிக்கையை நீங்கள் நடத்தி முடித்தீர்கள்?