சித்ரா பௌர்ணமி இரவில் சாஜ்ரா மலைக் கோட்டைக்கு ஏறலாமா?

தென்காசிப் பையன்:

எல்லோருக்கும் வணக்கம். சொந்த ஊர் தென்காசி, படிப்பது காட்பாடியில். வேலூர் வந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. கோட்டை அகழி ஓரம் உட்காரும்போதெல்லாம் கிழக்கே மலைமேல் மதில் மாதிரி ஒரு கோடு தெரியும். அது சாஜ்ரா கோட்டை, பக்கத்து மலைகளில் இன்னும் இரண்டு இருக்கிறது என்று அறை நண்பன் சொன்னான். சித்ரா பௌர்ணமி அன்று சாயங்காலம் ஏறி, ராத்திரி மேலேயே தங்கி, விடிந்ததும் இறங்கலாம் என்று ஐந்து பேர் பேசி வைத்திருக்கிறோம். குற்றாலத்து மலைகளில் ஏறிப் பழக்கம் உண்டு.

இரவில் ஏற விடுவார்களா? நிலா வெளிச்சம் போதுமா, டார்ச் வேண்டுமா? மேலே தண்ணீர் உண்டா? பேய்க் கதை மட்டும் வேண்டாம், அதை ஹாஸ்டலிலேயே தேவைக்கு மேல் சொல்லிவிட்டார்கள்.

சத்துவாச்சாரி சித்தப்பா:

தம்பி, முதலில் வனச்சரக அலுவலகத்துக்கு நேரில் போய்க் கேள். 2018 மார்ச்சில் குரங்கணி காட்டுத்தீயில் 20 பேருக்கு மேல் செத்தார்கள். அதற்குப் பிறகுதான் மலையேற்றத்துக்கென்று தனி விதிகளே வந்தன. நீ சொல்லும் நாள் கத்திரி வெயிலை ஒட்டி வருகிறது. புல்லெல்லாம் காய்ந்து சருகாகக் கிடக்கும், ஒரு பீடித்துண்டு போதும். விடமாட்டேன் என்று சொன்னால் விட்டுவிடு. மலை ஏறியே ஆகவேண்டும் என்றால் 'ட்ரெக் தமிழ்நாடு' தளத்தில் ஏலகிரி சுவாமிமலைப் பாதை இருக்கிறது, வழிகாட்டியோடு பகலில் போய் வரலாம்.

'ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணி இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை' என்று எங்கள் ஊரைக் கிண்டல் செய்வார்கள், நீயும் கேட்டிருப்பாய். கோயிலுக்கு 1981-ல் சாமி வந்துவிட்டது, அதுவும் எங்கள் சத்துவாச்சாரியிலிருந்து. ஆற்றில் 2021 நவம்பரில் தண்ணீர் வந்த வரத்தை ஊரே பாலத்தில் நின்று பார்த்தது. மலையில் மட்டும் இன்னும் நிழல் இல்லை. அதனால் பகலில் போவதாக இருந்தாலும் எட்டு மணிக்குள் இறங்கிவிடு.

கொசப்பேட்டை மெக்கானிக்:

சித்தப்பா சொன்னதை முதலில் செய்யுங்கள். நாங்கள் யாரையும் கேட்காமல்தான் போனோம். 2012, கேட்க வேண்டும் என்றே தோன்றாத வயசு. இதே சித்ரா பௌர்ணமி. ஆறு பேர். பெயர் எதற்கு, பட்டப்பெயர் போதும்: பாய், குள்ளன், வாத்தி, இரட்டையர் இரண்டு பேர், நான்.

முதலில் நிலா விஷயம், ஏனென்றால் நாங்கள் ஏமாந்தது அங்கேதான். பௌர்ணமி என்றால் வழியெல்லாம் பகல் மாதிரி இருக்கும் என்று நம்பி டார்ச் இரண்டுதான் எடுத்துப் போனோம். ஏழு மணிக்கு ஏற ஆரம்பித்தால் கும்மிருட்டு. நின்று யோசித்த பிறகுதான் புரிந்தது. பௌர்ணமி நிலா சூரியன் இறங்கும் நேரத்தில் கிழக்கே எழும்பும். ஊரிலிருந்து ஏறுகிறவன் மலையின் மேற்கு முகத்தில் ஏறுகிறான். நிலா மலைக்கு அந்தப் பக்கம் நிற்கிறது. திரும்பிப் பார்த்தால் தூரத்தில் காட்பாடி வரை பால் ஊற்றின மாதிரி வெளிச்சம், எங்கள் காலடியில் மட்டும் மலையின் நிழல். ஒன்பதரை வாக்கில் நிலா மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்தது. அதற்குள் என் முழங்கால் இரண்டிலும் தோல் போயிருந்தது. ஆகவே ஆளுக்கு ஒரு டார்ச். தலையில் மாட்டுகிற வகை நல்லது, கை இரண்டும் பாறைக்கு வேண்டும். முன்னால் போகிறவன் வெளிச்சத்தைப் பின்னால் திருப்பிப் பேசக் கூடாது. ஒரு தடவை கண்ணில் அடித்தால் ஐந்து நிமிஷம் எதுவும் தெரியாது.

அடுத்த முட்டாள்தனம் பிரியாணி. பாயின் மச்சான் ஆம்பூர். மத்தியானமே போய் தூக்குச்சட்டி நிறைய வாங்கி வந்தான், கூட ஒரு டப்பா கத்தரிக்காய். அதை மலைமேல் மதிலோரம் உட்கார்ந்து சாப்பிட்டது என் ஆயுசில் மறக்காத சாப்பாடு, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் ஆறு பேருக்கு ஆறு பாட்டில் தண்ணீர் கொண்டு போயிருந்தோம். ஏறும்போதே மூன்று காலி. பிரியாணிக்கு இரண்டு. பத்தரை மணிக்கு ஒரே ஒரு பாட்டில், இரட்டையரில் பெரியவன் அதை மடியில் வைத்துக்கொண்டு ரேஷன் கடைக்காரன் மாதிரி மூடியில் அளந்து ஊற்றினான்.

ராத்திரி குளுகுளுவென்று இருக்கும் என்ற கணக்கும் பொய். நம் மலை மொத்தமும் கருங்கல். பகலெல்லாம் குடித்த வெயிலை ராத்திரியெல்லாம் கக்கும். துண்டை விரித்துப் படுத்தால், அடுப்பிலிருந்து இறக்கி வைத்த தோசைக்கல்லில் படுத்த மாதிரி முதுகில் ஏறுகிறது. காற்று வந்தபோது மணி மூன்று.

சரி, நல்லதையும் சொல்ல வேண்டும். அன்றைக்கு ஊரில் புஷ்பப் பல்லக்கு. வெளியூர்ப் பையனுக்குத் தெரியாது, சித்ரா பௌர்ணமி ராத்திரி வேலூரில் ஒவ்வொரு கோயிலிலிருந்தும் பூவால் ஜோடித்த பல்லக்கு கிளம்பி வீதி சுற்றும். மண்டித் தெருப் பக்கம் கால் வைக்க இடமிருக்காது. நான் சின்ன வயசிலிருந்து அப்பா தோளில் உட்கார்ந்து பார்த்தது. மேலே இருந்து அன்றுதான் முதல் தடவை. பூவெல்லாம் தெரியாது. நாலைந்து வெளிச்சப் புள்ளி எறும்பு மாதிரி நகரும், நிற்கும், மறுபடி நகரும். நாதஸ்வரம் காற்று திரும்பினால் கேட்கும், இல்லாவிட்டால் இல்லை. வாணம் விட்டால் முதலில் வெளிச்சம், சத்தம் கொஞ்சம் கழித்துத்தான் வரும்.

அப்போது கரண்ட் போனது. 2012-ல் தமிழ்நாட்டில் இருந்தவர்களுக்கு விளக்க வேண்டாம், மணிக்கணக்கில் போகும் காலம். மலையிலிருந்து அதைப் பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். வேலப்பாடி பக்கம் போச்சு, அப்புறம் தோட்டப்பாளையம், போர்வையை இழுத்துப் போர்த்துகிற மாதிரி ஒவ்வொரு துண்டாக அணைந்தது. ஜெனரேட்டர் வண்டியை இழுத்துக்கொண்டு போகும் பல்லக்குகள் மட்டும் எரிந்தன. மேற்கே கோட்டை. தெருவிளக்கு இருக்கும்வரை அது சும்மா ஒரு கறுப்பு இடம். விளக்கு போனதும் அகழி நாலு பக்கமும் நிலாவை வாங்கிக்கொண்டு வெள்ளிக் கம்பியால் கட்டம் போட்ட மாதிரி நின்றது. குள்ளன் வாயாடி, அவன்கூட கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டான்: "இன்னாடா இது, இங்கிருந்து கல் விட்டாலே உள்ள வுழும் போல கீதே?" உண்மையில் விழாது, தூரம் அதிகம். ஆனால் உள்ளே யார் நடமாடினாலும் இங்கே இருப்பவனுக்குத் தெரியும். வாத்தி உடனே, இங்கிருந்து கோட்டைக்குள் குதிரை போகிற அளவுக்குச் சுரங்கம் இருக்கிறது, தாத்தா பார்த்திருக்கிறார் என்று ஆரம்பித்துவிட்டான். அது வேலூரில் எல்லார் தாத்தாவும் பார்த்ததுதான்.

இப்போது முக்கியமான இடம். பதினொன்றரை இருக்கும். குள்ளனுக்குத் தூக்கம். எல்லா இடமும் கரடுமுரடு, ஒரு மூலையில் மட்டும் வழவழவென்று சமதரையாக, பச்சையாகத் தெரிந்தது. புல் தரை என்று நினைத்துவிட்டான். "நான் அங்க படுக்கறேன்" என்று நடந்தான். அவனுக்கு ஒரு பழக்கம், உட்காரும் முன் செருப்பைக் கழற்றி முன்னால் வீசுவான். வீசினான். செருப்பு விழுந்து ஆடியது. தரையில் விழுந்த செருப்பு எதற்கு ஆடுகிறது என்று நான் யோசித்து முடிப்பதற்குள் பாய் பின்னாலிருந்து அவன் சட்டையைப் பிடித்து இழுத்துவிட்டான்.

அது சுனை. பாசி மூடி, நிலா வெளிச்சத்தில் தரை மாதிரியே இருந்தது. கைப்பிடிச் சுவர் கிடையாது. பெரியவன் கல்லைக் கட்டி எங்கள் லுங்கியை இறக்கிப் பார்த்தான், அடி தட்டவில்லை. எங்களில் நீச்சல் தெரிந்தவன் பாய் ஒருத்தன்தான்.

அதற்கப்புறம் யாரும் எழுந்து நடக்கவில்லை. ஒன்றுக்குப் போவதென்றாலும் இரண்டு பேர், டார்ச்சோடு. இறங்கிவிடலாம் என்று இரட்டையர் சொன்னார்கள், தாகம் வேறு. நான் மாட்டேன் என்றேன். வண்டியில்கூட ஏற்றத்தை எஞ்சின் பார்த்துக்கொள்ளும், இறக்கத்துக்குத்தான் பிரேக் நன்றாக இருக்க வேண்டும். அரைத் தூக்கத்தில், காய்ந்த தொண்டையோடு, உருளுகிற சரளையில் ஆறு பேர் இறங்கினால் ஒருத்தன் காலாவது போகும். முதல் பாங்கு கீழே ஒரு மசூதியில் கேட்டது, பிறகு அடுத்தது, அதற்கடுத்தது. பாய் எழுந்து ஒரு ஓரமாகத் தொழுதான். வெளுத்ததும் இறங்கினோம். குள்ளனுக்கு ஒரு கால் செருப்பு, இன்னொரு காலில் என் துண்டு.

தென்காசிப் பையனுக்கு இன்னும் ஒன்று. குற்றாலத்தில் பயப்பட வேண்டியது வழுக்கல். இங்கே சுருட்டை விரியன். கால் சாண் நீளம்தான் கண்ணுக்குத் தெரியும், கல் இடுக்கில் கல் நிறத்திலேயே கிடக்கும். ஷூ போடுங்கள், பார்க்காமல் இடுக்கில் கை வைக்காதீர்கள். கடித்தால் கட்டுப் போடுவது, கீறிவிடுவது, வேப்பிலை எதுவும் வேண்டாம். 108-ஐக் கூப்பிட்டு அடுக்கம்பாறை அரசு மருத்துவமனைக்குப் போகவேண்டியதுதான்.

வாத்தியார் (ஓய்வு):

மெக்கானிக் தம்பி எழுதியதில் நிலாக் கணக்கை ரசித்தேன். முப்பது வருஷம் பள்ளியில் வரலாறு நடத்தினேன், எனக்கே இது தோன்றியதில்லை. சுரங்கத்தை மட்டும் மூடிவிடுகிறேன்.

அந்த மலைக்கோட்டைகளின் பிறப்பைப் பாருங்கள். 1677-ல் சிவாஜியின் படை வேலூர்க் கோட்டையைச் சூழ்ந்தது. உள்ளே பீஜப்பூர் தரப்பில் அப்துல்லா கான். அகழியும், அதில் முதலைகளும், மதிலும் இருக்கும்போது நேராக மோதிப் பயனில்லை. அதனால் எதிரே உள்ள குன்றுகளில் காவலரண் கட்டிப் பீரங்கியை ஏற்றினார்கள். மராத்தியர் வைத்த பெயர்தான் சாஜ்ரா, கோஜ்ரா. அப்படியும் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகி, 1678-ல்தான் கோட்டை பணிந்தது. ஆக, மேலே இருந்தவன் எதிரி. அவனுக்கும் கீழே இருந்தவனுக்கும் நடுவில் சுரங்கத்தை யார் வெட்டிக் கொடுத்திருப்பார்கள்? அகழிக்கு அடியில் வேறு போக வேண்டும்.

நூறு வருஷம் கழித்து ஐதர் அலி வந்தபோது கோட்டையும் மலையும் ஆங்கிலேயர் கையில். மலை விழுந்தால் கீழே உள்ளது தானாக விழும் என்று அவருக்கும் தெரியும். 1780-லிருந்து முற்றுகை போட்டும் மலையைப் பிடிக்க முடியவில்லை. உள்ளே பட்டினி முற்றி, ஆங்கிலேயத் தளபதி ஐர் கூட் அரிசி கொண்டு வந்து சேர்க்க வேண்டியதாயிற்று. மேலே நின்ற சிப்பாய்க்கு அரிசிக்கு முன்னால் தண்ணீர் வேண்டுமே, மழைநீர் தேங்கும் சுனைகளை விட்டால் வேறு என்ன வழி? குள்ளன் செருப்பைப் போட்டது சாதாரண இடமில்லை.

கொசப்பேட்டை மெக்கானிக்:

ஐயா, சுரங்கம் இல்லை என்று எங்கள் கூட்டாளி வாத்திக்கு அனுப்பினேன். 'எங்க தாத்தா பொய் சொல்லமாட்டாரு' என்று பதில் வந்திருக்கிறது. குள்ளன் இப்போது துபாயில் லாரி ஓட்டுகிறான். ஐதர் அலிக்கே கிடைக்காத தண்ணியில் என் செருப்பு மிதக்குது என்று அவனுக்கு ஒரே பெருமை.

தென்காசிப் பையன்:

எல்லோருக்கும் நன்றி. இன்று வனச்சரக அலுவலகத்துக்குப் போனேன். இரவில் தங்குவது கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். விடிந்த பிறகு ஏறுவது பற்றி எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள், கொடுத்திருக்கிறோம். ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர், பிரியாணி இல்லை. ஆனால் அப்படிப் போனால் பல்லக்கைப் பார்க்க முடியாதே என்றுதான் வருத்தம்.

கொசப்பேட்டை மெக்கானிக்:

பல்லக்கைக் கீழே இருந்து பாரு தம்பி, பூவே அங்கேதானே இருக்கு. ராத்திரி பதினொரு மணிக்கு மேல் மண்டித் தெருவுக்கு வா. வண்டியைக் கொண்டுவராதே, திருப்ப முடியாது. என் கையில் ஆறு வயசுப் பெண் இருப்பாள், தோளில் ஏற்ற இப்போது என் முறை. காலையில் மலைக்குப் போகும்போது சொல்லு, பெரிய டார்ச் ஒன்று கடையில் சும்மா கிடக்கிறது. பகல்தான் என்றாலும் எடுத்துப் போ, மேலே இடிந்த அறைக்குள் எட்டிப் பார்க்க ஆகும். பாசி படிந்த மூலையில் மட்டும் முதலில் ஒரு கல் போட்டுப் பாரு.