பஞ்சாயத்துல எழுதுன விடுதலைப் பத்திரம் செல்லுமா?

குடியாத்தம் அண்ணன்:
எல்லாருக்கும் வணக்கம். என் தங்கச்சிய பேர்ணாம்பட்டு பக்கம் கட்டிக்குடுத்தோம், மூணு வருஷமா எங்க வீட்ல தான் இருக்கா, அஞ்சு வயசு முடிஞ்ச பையன் ஒருத்தன். போன வருஷம் ஊர் பெரியவங்க உக்கார வச்சு 20 ரூபா பத்திரத்துல இனிமே சம்பந்தம் இல்ல, நகை சீர் ஜீவனாம்சம் எதுவும் கேக்க மாட்டேன்னு எழுதி ரெண்டு பேர்கிட்டயும் கையெழுத்து வாங்கிட்டாங்க, அவ அழுதுகினே போட்டா, படிச்சுக்கூட பாக்கல. இப்ப மாப்ள வேற பொண்ணு பாத்துக்கினு இருக்காராம். கேட்டா பத்திரம் இருக்கு, ரெண்டு வருஷம் பிரிஞ்சிருந்தாலே தானா டைவர்ஸ் ஆயிடும், பையனும் அஞ்சு வயசுக்கு மேல அப்பன்கிட்ட தான் போவணும்னு சொல்றாங்க. இதெல்லாம் நெசமா? அம்மா ராத்திரி தூங்கறதே இல்ல.

காட்பாடி வக்கீல்:
மொதல்ல அம்மாவ நிம்மதியா தூங்க சொல்லுங்க தம்பி. இந்து கல்யாணம்னு வச்சு சொல்றேன். எத்தன வருஷம் பிரிஞ்சிருந்தாலும் தானா டைவர்ஸ் ஆவாது, பஞ்சாயத்து பத்திரத்தாலயும் ஆவாது, கோர்ட்டு தீர்ப்பு வேணும். ரெண்டு பேரும் சம்மதிச்சாலும் ஒரு வருஷமாவது பிரிஞ்சிருந்துட்டு இந்து திருமண சட்டம் 13பி பிரிவுல மனு போடணும், அதுக்கப்புறம் ஆறு மாசம் வெயிட்டிங், அந்த ஆறு மாசத்த கோர்ட்டு தள்ளுபடி பண்ணலாம்னு 2017-ல சுப்ரீம் கோர்ட்டு சொல்லிடுச்சு. எங்க ஜாதி வழக்கப்படி அத்து விட்டுட்டோம்னு சொல்றவங்க அந்த வழக்கம் காலங்காலமா இருக்குன்னு கோர்ட்ல நிரூபிக்கணும், அது லேசுப்பட்ட காரியம் இல்ல. அதனால உங்க தங்கச்சி இன்னும் அவர் பொண்டாட்டி தான், இப்ப அவர் இன்னொரு தாலி கட்டினா அது செல்லாது, ஏழு வருஷம் வரைக்கும் ஜெயில் தண்டனை இருக்கு.

சத்துவாச்சாரி அக்கா:
தம்பி, நானும் இப்டி ஒரு பேப்பர்ல கையெழுத்து போட்டவ தான், அதான் மனசு கேக்காம எழுதறேன். ஜீவனாம்சம் கேக்க டைவர்ஸ் ஆகியிருக்கணும்னு இல்ல, நானும் அப்டித்தான் நெனச்சு ரெண்டு வருஷம் சும்மா இருந்துட்டேன். ஜீவனாம்சம் கேக்கற பிரிவு பழைய குற்றவியல் நடைமுறை சட்டத்துல 125, இப்ப அதுக்கு பதிலா வந்த புது சட்டத்துல (பிஎன்எஸ்எஸ்) 144, தங்கச்சி இருக்கற ஊர் கோர்ட்லயே போடலாம். ஆனா ஒன்னு, எதிர்த்தரப்பு அந்த பேப்பர தூக்கி காட்டி ரெண்டு பேரும் சம்மதிச்சு தான் பிரிஞ்சாங்க, பணம் கெடையாதுன்னு வாதாடுவாங்க, எனக்கு அதான் நடந்துச்சு. அன்னிக்கு யார் யார் இருந்தாங்க, எப்டி கையெழுத்து வாங்குனாங்கன்னு இப்பவே எழுதி வச்சுக்குங்க. புள்ளைக்கு கேக்கற பணத்த எந்த பேப்பராலயும் தடுக்க முடியாது.

சீர் பாத்திரத்துல உங்க அம்மா பேர் வெட்டியிருக்கா? எனக்கு குத்துவிளக்குல, அண்டாவுல எல்லாம் எங்க அம்மா பேர் இருந்துச்சு, கல்யாண போட்டோவும் நகைக்கடை ரசீதும் சேந்து தான் சாட்சி ஆச்சு. அது சீதனம், அவ சொத்து.

வக்கீல் பீஸுக்கு பயப்படாதீங்க, வேலூர் சத்துவாச்சாரி கோர்ட்டு காம்ப்ளக்ஸ்ல இலவச சட்ட உதவி மையம் இருக்கு, பொம்பளைங்களுக்கு வருமானம் எவ்ளோன்னு பாக்காம இலவசமா வக்கீல் குடுக்கணும்னு 1987 சட்ட உதவி சட்டத்துலயே இருக்கு. இலவச சட்ட உதவி நம்பர் 15100-க்கு போன் போட்டும் கேக்கலாம்.

காட்பாடி வக்கீல்:
அக்கா சொன்னது சரி. பையன் விஷயம், அஞ்சு வயசு வரைக்கும் சாதாரணமா அம்மாகிட்டன்னு சட்டம் சொல்லுது, அதுக்கு மேல அப்பாகிட்ட குடுத்தே ஆவணும்னு எங்கயும் இல்ல. புள்ளையோட நலன் எங்கன்னு தான் கோர்ட்டு பாக்கும். ஆனா அவர் பாக்க வந்தா தடுக்காதீங்க, அது நாளைக்கு உங்களுக்கே எதிரா வரும், பையனுக்கும் பாவம்.

குடியாத்தம் அண்ணன்:
ரொம்ப நன்றிங்க ரெண்டு பேருக்கும். இப்பதான் அம்மாவ கேட்டேன், எல்லாத்துலயும் பேர் வெட்டியிருக்காம், ரசீது பீரோவுல துணி அடியில இருக்கு. திங்கக்கெழம தங்கச்சிய கூட்டிக்கினு சத்துவாச்சாரி போறோம்.