என்.பி.எம். பொதிக்குள் கடவுச்சொல் கோப்பும் போய்விட்டது: உதவி தேவை

கேள்வி (கொக்குவில்)

வணக்கம். எங்கள் சனசமூக நிலைய வாசிகசாலையின் நூல் இரவல் பதிவுக்காக நண்பர்கள் சிலர் சேர்ந்து ஒரு மென்பொருள் எழுதி வருகிறோம். அயலூர் வாசிகசாலைகளுக்கும் பயன்படட்டும் என்று அதன் பொதுப் பகுதிகளை நேற்று மாலை என்.பி.எம். (ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களைப் பகிரும் பொதுத் தளம்) பொதியாக வெளியிட்டோம். இன்று வேறொரு கணினியில் நிறுவிப் பார்த்தபோது, தரவுத்தளத்தினதும் மின்னஞ்சல் கணக்கினதும் கடவுச்சொற்கள் உள்ள ‘டொட் என்வ்’ கோப்பு அதற்குள் அப்படியே இருந்தது. அந்தத் தரவுத்தளத்தில் அங்கத்தவர்களின் முகவரிகளும் தொலைபேசி இலக்கங்களும் இருப்பதால் மிகுந்த கவலையில் இருக்கிறோம். களஞ்சியத்தில் சேர்க்கக் கூடாத கோப்புகளைக் குறிக்கும் ‘கிட் இக்னோர்’ பட்டியலில் அக்கோப்பின் பெயர் உண்டு. நிரலைச் சேமித்துவைத்திருக்கும் கிட்ஹப் களஞ்சியத்தில் அது இல்லவே இல்லை. அப்படியிருக்கப் பொதிக்குள் எவ்வாறு வந்தது? பொதியை நீக்கினால் போதுமா?

பதில் (திருநெல்வேலி)

தம்பி, காரணத்தை ஆறுதலாகத் தேடலாம். இரண்டு கடவுச்சொற்களையும் இப்போதே மாற்றுங்கள். பொதியை நீங்கள் நீக்கினாலும், அதற்குள் பிரதியெடுத்துவிட்ட மிரர் தளங்களிலிருந்தும், புதிய பொதிகளைத் தானியங்கி நிரல்களால் துழாவுவோரின் கைகளிலிருந்தும் அதை மீட்க முடியாது; ஆகவே வெளியே போன கடவுச்சொல் செல்லாக்காசாக வேண்டும். பின்னர், நேற்று மாலை முதல் எந்த ஐ.பி. முகவரிகளிலிருந்து தரவுத்தளத்துக்குள் நுழைந்திருக்கிறார்கள் என்று பதிவேட்டைப் பாருங்கள். மின்னஞ்சல் கணக்கில், வரும் கடிதங்களை வேறெங்கோ திருப்பிவிடும் விதி எதுவும் புதிதாகச் சேர்ந்திருக்கிறதா என்பதையும் கவனியுங்கள். பலர் இதை மறந்துவிடுவார்கள்.

வெளியிட்டு 72 மணித்தியாலத்துக்குள், வேறெந்தப் பொதியும் அதில் தங்கியிராவிட்டால், ‘அன்பப்ளிஷ்’ செய்து பொதியை நீக்கலாம். நீக்கிய பதிப்பின் இலக்கத்தை மீண்டும் பயன்படுத்த இயலாது என்பதால் அடுத்த இலக்கத்தில்தான் வெளியிட வேண்டும். பொதியைக் கைவிடப்பட்டதாகக் குறிக்கும் ‘டெப்ரிகேட்’ கட்டளை எச்சரிக்கை மட்டுமே காட்டும். கோப்பு அங்கேயே கிடக்கும்.

பதில் (சுன்னாகம்)

உங்கள் கோப்புறையில், பொதியில் சேர்க்கக் கூடாதவற்றைப் பட்டியலிடும் ‘என்.பி.எம். இக்னோர்’ என்றொரு கோப்பும் இருக்கிறதா? அது இருந்தால், அதே கோப்புறையிலுள்ள ‘கிட் இக்னோர்’ பட்டியலை என்.பி.எம். பொருட்படுத்தாது. ‘என்.பி.எம். இக்னோர்’ இல்லாதபோது மட்டுமே ‘கிட் இக்னோர்’ செல்லுபடியாகும்.

கேட்டவர்

மிக்க நன்றி, அண்ணா. கடவுச்சொற்களை மாற்றிவிட்டோம், பதிவேட்டில் எங்கள் முகவரிகளைத் தவிர வேறெதுவும் இல்லை. பொதியையும் நீக்கியாயிற்று. நீங்கள் சொன்ன கோப்பு இருக்கிறது: சோதனைக் கோப்புறையை விலக்குவதற்காகச் சேர்த்தது, உள்ளே அந்த ஒரு வரி மட்டும்தான். அதிலேயே ‘டொட் என்வ்’ என்றும் எழுதிவிட்டால் சரியாகுமா?

பதில் (சுன்னாகம்)

இன்றைக்குச் சரியாகும், நாளை வேறு பெயரில் ஒரு இரகசியக் கோப்பு வந்தால் மீண்டும் இதே கதைதான். விலக்க வேண்டியவற்றைப் பட்டியலிடுவதைவிட, பொதியின் விவரங்கள் அடங்கிய ‘பாக்கேஜ் ஜேசன்’ கோப்பின் ‘ஃபைல்ஸ்’ பகுதியில் சேர்க்க வேண்டியவற்றை மட்டும் குறிப்பிடுவதே பாதுகாப்பானது. ஒவ்வொரு முறையும் வெளியிட முன்னர் ‘என்.பி.எம். பேக்’ கட்டளையை ‘ட்ரை ரன்’ தெரிவுடன் இயக்குங்கள். எதையும் அனுப்பாமல், பொதிக்குள் போகவிருக்கும் கோப்புகளின் பெயர்களை ஒவ்வொன்றாகக் காட்டும். அந்தப் பட்டியலை உங்களில் வெளியிடுபவர் அல்லாத இன்னொருவர் வாசிப்பது நல்லது.