பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் புகை: யார் கேட்பது?

கேள்வி (மழைக்கிளி):
எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் தூணில் லைட்டரைக் கயிறு கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள், எந்நேரமும் நாலு பேர் ஊதிக்கொண்டு நிற்கிறார்கள், பக்கத்திலேயே கைக்குழந்தையோடு பெண்கள். கேட்டால் "திறந்தவெளி சார், சட்டம் பொருந்தாது" என்கிறார் கடைக்காரர். உண்மையா?

கரிசல்காரன்:
பாதிதான் உண்மை. 2003 புகையிலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தில் திறந்தவெளிக்கு விலக்கு உண்டு. ஆனால் அன்புமணி மத்திய சுகாதார அமைச்சராக இருந்தபோது, 2008 அக்டோபர் 2 முதல் அமலான விதிகளில், பஸ் ஸ்டாண்டு, ரயில் நிலையம், ஸ்டேடியம் எல்லாம் அந்த விலக்கில் வராது என்று எழுதிவிட்டார்கள். லைட்டர், ஆஷ்ட்ரே வைப்பதே தப்பு. அபராதம் 200 ரூபாய் வரை.

நடைவண்டி:
200 ரூபாய்க்கு எவன் பயப்படுவான்? சிகரெட் கம்பெனியான ஐடிசியின் பங்குகளில் சுமார் 15 சதவீதம் அரசின் எல்ஐசி கையில். ஒரு கை அபராதம் போடும், இன்னொரு கை டிவிடெண்ட் வாங்கும், அப்புறம் எங்கே கண்டிப்பு?

தாமிரபரணி:
ஐடிசியை மட்டும் ஏன் சொல்கிறீர்கள்? 2025இல் ஜிஎஸ்டி கவுன்சில் சிகரெட்டுக்கு 40 சதவீதம் என்று முடிவு செய்து, பீடிக்கு 28லிருந்து 18க்கு இறக்கியது. தென்காசிப் பக்கம் மடியில் தட்டை வைத்துப் பீடி சுற்றும் பெண்களின் பிழைப்பு இதில் இருக்கிறது, ஓட்டும் இருக்கிறது, எந்தக் கட்சியும் தொடாது. தொட்டால் அவர்களுக்கு மாற்று வேலை யார் தருவது?

மழைக்கிளி:
அது பெரிய கதை. முதலில் அந்த லைட்டரை அவிழ்க்கச் சொல்லி எழுதிக் கொடுக்கிறேன்.